லிங்க் அனுப்பினால் போதுமா? பாட்டு, கேசட், ஃபைல் பற்றித் தாராவியிலிருந்து

வாஷி வாசகர் ஒருவர், 9 ஆகஸ்ட் 2024:
"எல்லாப் பாட்டும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது. இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில் பாட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? யாராவது பாட்டுக் கேட்டால் லிங்க் அனுப்பினால் முடிந்தது வேலை."

10 ஆகஸ்ட் 2024

எல்லாப் பாட்டும் கிடைக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கத் தாராவிக்கு வந்தவர். அவர் விட்டுப்போன தகரப்பெட்டியில் ஊர்க் கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் இருக்கின்றன. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை, இசக்கியம்மன் கதை, எல்லாம் ராத்திரி முழுக்கப் பாடியவை. கொடை முடிந்து ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவர் கையில் யாராவது கொடுத்து அனுப்புவார்கள். இங்கே ஒரு அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து அத்தனை பேரும் கேட்பார்கள். இதை எந்த ஆப்பில் தேடினாலும் வராது, ஏனென்றால் எந்தக் கம்பெனியும் அதைப் பதிவு செய்யவே இல்லை. பதிந்தவர் என் சித்தப்பா, மைக் செட்டுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு.

லிங்க் விஷயத்துக்கு வருகிறேன். வாங்குகிறவரிடமும் அதே ஆப் இருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும் அல்லது விளம்பரம் கேட்க வேண்டும், நெட் வேண்டும், அந்தப் பாட்டின் உரிமை அந்தக் கம்பெனியிடம் இன்னும் இருக்க வேண்டும். நாலில் ஒன்று போனாலும் நீங்கள் அனுப்பியதில் பாட்டு இல்லை.

11 ஆகஸ்ட் 2024

ஸ்ட்ரீமிங்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. நானும் மாதாமாதம் காசு கட்டித்தான் கேட்கிறேன், புதுப் படப் பாட்டெல்லாம் அதில்தான். ஆனால் ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த சமயத்தை நினைத்துப் பாருங்கள். சில வாரங்களில் சரிகமவின் பாட்டுகள் அதிலிருந்து போய்விட்டன. பழைய எச்.எம்.வி. சரக்கு அவர்களிடம்தான், அதாவது நம் ஐம்பதுகள் அறுபதுகளின் பாட்டில் பெரும்பங்கு. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. கேட்கிறவனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இரண்டு கம்பெனிகளுக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் காரணம்.

14 ஆகஸ்ட் 2024

பாட்டைக் கொடுப்பது எப்படியெல்லாம் மாறி வந்தது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நான் பார்த்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் 90 அடி ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் டிடிகே கேசட்டிலோ மெல்ட்ராக் கேசட்டிலோ பதிந்து கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. அந்தக் கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று நாலையும் அட்டையில் எழுதுவார். நாம் கேட்காமலே எழுதுவார். தாளில் நாம் படத்தின் பெயரை மாற்றி எழுதியிருந்தால் அதைத் திருத்தி எழுதுவார். வாலியா கண்ணதாசனா என்று கடை வாசலில் சண்டை வந்தால் ரெக்கார்டு உறையை எடுத்துக் காட்டித் தீர்த்து வைப்பார். எனக்குப் பாட்டு பற்றித் தெரிந்ததில் பாதி அந்த அட்டைகளில் படித்தது.

அப்புறம் எம்பி3 வந்தது. பாட்டு ஃபைல்களை ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் 1999-இல் தொடங்கி 2001-இல் மூடப்பட்டது. அதில் தமிழ்ப் பாட்டு தேடியவர்களுக்குத் தெரியும், ஒரே பாட்டு ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் கிடக்கும். 56 கே மோடத்தில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு ஐந்து கிலோபைட் அளவு; ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) ஐந்து எம்பிக்குச் சற்றுக் குறைவு, ஆகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது போன் செய்தால் இணைப்பு போய்விடும். பிறகு சிடி எரிப்பது, ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு போகும். பிறகு ரீசார்ஜ் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். தாராவியில் அது பெரிய வியாபாரம். 2 ஜிபி கார்டைக் கொடுத்தால் இளையராஜா முழுக்க, ரஹ்மான் முழுக்க என்று நிரப்பிக் கொடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஒன்று கைவிட்டுப் போனது. மெமரி கார்டுப் பாட்டைத் திறந்து பாருங்கள். பாடியவர் என்ற இடத்தில் ஏதோ ஒரு வலைத்தளத்தின் பெயர், இசையமைப்பாளர் என்ற இடத்திலும் அதே, படத்தின் பெயருக்குப் பின்னால் திரும்பவும் அதே. பாடலாசிரியர் பெயர் எங்குமே இருக்காது. பாட்டு கோடிக்கணக்கில் பரவியது, யாருடைய பாட்டு என்பது பரவவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பாட்டைக் கொடுக்கும்போது அதன் விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விவரம் இல்லாத பாட்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

15 ஆகஸ்ட் 2024

"என்னிடம் இருக்கும் பழைய 128 கேபிபிஎஸ் பாட்டுகளை 320-ஆக மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்றாதீர்கள். ஒரு பயனும் இல்லை, இடம்தான் கூடும். எம்பி3 செய்யும்போது தூக்கி எறிந்த ஒலி திரும்பி வராது. ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பாட்டை அதில் போட்டால் ஒலியின் படம் காட்டும். பெரும்பாலான 128 ஃபைல்களில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டின மாதிரி ஒன்றும் இருக்காது. 320 என்றோ ஃபிளாக் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்) என்றோ பெயர் போட்டு யாராவது கொடுத்தாலும் அந்த வெட்டு அப்படியே தெரியும். வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டு தெரியாதது எல்லாமே நல்ல ஃபைல் என்றும் ஆகிவிடாது, காது கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

29 ஆகஸ்ட் 2024

விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் சொல்லிவிட்டது, செய்தி பார்த்திருப்பீர்கள். கூகுள் பிளே மியூசிக் 2020-இல் போனது. ரெஸ்ஸோ இந்த ஜனவரியில்தான் போனது. என் மதினி விங்க்கில் போட்டு வைத்திருந்த பட்டியல்களில் ஒன்று பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரிப் போடுவது, ஒன்று சமையலுக்கு, ஒன்று ஆடிக்கு அம்மன் பாட்டு. பாட்டெல்லாம் வேறு ஆப்பிலும் இருக்கும், சரி. ஆனால் அந்த வரிசையை உட்கார்ந்து ஆக்கியது அவர். நேற்று ராத்திரி இருவருமாக அதை ஒரு நோட்டில் பேனாவால் எழுதி எடுத்தோம். லிங்க் போதும் என்றவருக்கு நான் வேறு பதில் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

8 செப்டம்பர் 2024

கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் டெக், அதாவது கேசட் ஓட்டும் கருவி. இப்போது ஆன்லைனில் விற்கும் யுஎஸ்பி கேசட் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஓட்டம் சீராக இருப்பதில்லை. பழைய வீட்டு டெக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நான் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போனேன். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து பழைய டெக்குகளுக்கு பெல்ட் மாற்றித் தருகிறார். ரப்பர் பெல்ட் வயதானால் தளர்ந்துவிடும், சிலது தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். பெல்ட், அழுத்தும் ரப்பர் உருளை, இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் துடையுங்கள்.

பம்பாய் மழைக்குப் பூஞ்சை பிடித்த கேசட்டை எடுத்தவுடன் டெக்கில் போடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள், டேப்பின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. போட்டால் ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் நாள்கணக்கில் காயவிட்டு, வேறொரு பழைய டெக்கில் ஓட்டித் துடைத்துவிட்டுத்தான் நல்ல டெக்குக்குக் கொண்டு வருவேன்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காது, அதனால் ஒலி மூடிப்போட்ட மாதிரி கேட்கும். மோனோவில் வைத்துக் கேட்டுக்கொண்டே மெல்லத் திருகுங்கள். வில்லுப்பாட்டில் இதற்கு ஜால்ராதான் எனக்கு வழிகாட்டி, அது எந்த இடத்தில் பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்திவிடுவேன். கேசட் மாறினால் திருகாணியின் நிலையும் மாறும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து ஒரே பிரதி இருக்கிற கேசட்டைத் தொடவேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். கொடையில் வேட்டு வெடிப்பார்கள், குலவை இடுவார்கள், அதற்கு இடம் விட வேண்டும்.

9 செப்டம்பர் 2024

இரைச்சலை நீக்கும் கருவி பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. ஆடாசிட்டியில் அது இருக்கிறது, இரைச்சலின் மாதிரியைக் காட்டினால் மொத்தத்திலிருந்தும் எடுத்துவிடும். வில்லில் வரிசையாக மணிகள் கட்டியிருப்பார்கள் இல்லையா, அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், வீசுகோலால் நாணை அடிக்கும்போது அந்த மணிகளும் குலுங்கும். டேப்பின் சீறலும் அந்த மணியோசையும் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உயரத்தில் இருக்கின்றன. இரைச்சலை எடுத்தால் மணியும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதில் குடத்தின் அடியும் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஒரு மாதிரி நெளிகின்றன. அதனால் நான் சீறலை அப்படியே விட்டுவிடுகிறேன். யாருக்காவது சுத்தம் செய்து கேட்க வேண்டுமென்றால் அவர்கள் பிரதியில் செய்துகொள்ளட்டும், மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

17 செப்டம்பர் 2024

"கேசட் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க, பதிவில் கேட்கும் மின்சார ரீங்காரத்தை அளந்தால் போதும், அது 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும்" என்று புனேயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை, ஐரோப்பியப் பதிவுகளுக்கு உதவும். நம் ஊர்ப் பழைய பதிவுகளுக்கு அப்படியே நம்பிவிடாதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தென்னிந்திய மின்தொகுப்பு 50-இல் நின்றதே இல்லை, பற்றாக்குறைக் காலத்தில் 48 பக்கம் இறங்கும். 2002, 2003 வாக்கில் அதிர்வெண்ணுக்கு ஏற்ப விலை வைக்கும் முறை வந்த பிறகுதான் ஓரளவு கட்டுக்குள் வந்தது. இரண்டு ஹெர்ட்ஸ் பிசகு என்றால் நாலு சதவீதம். நாலு சதவீதம் வேகம் மாறினால் சுருதி அரைக் கட்டையில் பாதிக்கு மேல் மாறும். பாடுகிறவரின் குரலே வேறு ஆளாகிவிடும். போதாததற்கு உங்கள் டெக்கின் ரீங்காரமும் அதோடு கலந்துவரும்.

எனக்குக் கிடைத்த வழி வேறு. கொடையில் கதைக்கு நடுவே சாமியாட்டத்துக்கு நிறுத்தும்போது ரேடியோ செட்காரர் சினிமாப் பாட்டுப் போடுவார். அதுவும் கேசட்டில் விழுந்திருக்கும். அதே பாட்டின் சிடியை எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, சுருதி ஒத்துவரும் வரை கேசட்டின் வேகத்தை மாற்றுவேன். ரேடியோ செட்காரரின் ரெக்கார்டு பிளேயரும் துல்லியமாக ஓடியிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே கேசட்டில் இரண்டு மூன்று பாட்டு கிடைத்து எல்லாமே ஒரே பக்கம் கைகாட்டினால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

18 செப்டம்பர் 2024

ஃபைல் அளவு. 90 நிமிடக் கேசட் ஒன்று மேலே சொன்னபடி ஸ்டீரியோவில் பதிந்தால் ஒன்றரை ஜிபி வரும். ஃபிளாக் ஆக்கினால் சிறிது குறையும், ஆனால் சிடிக்குக் குறைகிற அளவு குறையாது. டேப் சீறலில் ஒழுங்கு எதுவும் இல்லை, ஒழுங்கு இல்லாததைச் சுருக்க முடியாது. எனக்கு அது பரவாயில்லை. மூலம் ஃபிளாக், ஆளுக்கு அனுப்புவது சின்ன அளவுக்குச் சுருக்கும் ஓபஸ் வடிவம். மோனோவில் 64 கேபிபிஎஸ் ஓபஸ் வைத்தால் அதே 90 நிமிடம் 43 எம்பிதான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்ட்டாக இணையுங்கள், அப்படியே போய்ச் சேரும்.

புளூடூத் ஹெட்போனில் ஃபிளாக் கேட்டால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டவருக்கு: ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டு கேட்டால் தெரியாது. சாதாரண புளூடூத் ஒலியை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஃபிளாக் வைப்பது இன்றைக்குக் கேட்பதற்காக இல்லை. நாளைக்கு வேறொரு வடிவத்துக்கு மாற்றும்போது மூலம் கையில் இருக்க வேண்டும், அதற்குத்தான்.

6 அக்டோபர் 2024

தமிழில் விவரம் எழுதுவது. இதில்தான் எனக்கு ஆத்திரமும் வரும், ஆசையும் வரும்.

பழைய எம்பி3-இல் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான் இடம். இன்றைய எழுத்துக் குறிமுறையான யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அதாவது பத்துக் குறி, உயிர்மெய்க்குத் துணைக்கால், கொம்பெல்லாம் தனிக்குறி, புள்ளியும் தனி. "முத்துப்பட்டன் கதை" என்று எழுதினால் "முத்துப்பட" தாண்டுவதற்குள் இடம் முடிந்துவிடும். யூனிகோடு பரவுவதற்கு முந்திய டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறைக் காலத்தில் தமிழில் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை இன்றைய பிளேயர் வாய்க்கு வந்த குறிகளாகக் காட்டும். அழித்துவிடாதீர்கள். மாற்றிகள் இருக்கின்றன, மாற்றினால் உள்ளே முழு விவரமும் இருக்கும்; யாரோ ஒருவர் கஷ்டப்பட்டுத் தட்டியது.

யூனிகோடிலும் கண்ணி உண்டு. ஸ்ரீ என்பதை இரண்டு விதமாகத் தட்டலாம், ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கொ என்பதும் அப்படித்தான்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். பழைய மேக்கில் சேமித்த ஃபைல் பெயரை அது தானாகவே இரண்டாக உடைத்து வைக்கும். "கொடை" என்று தேடினால் பாதி ஃபைல் வராததற்கு இதுதான் காரணம், உங்கள் டிஸ்க் கெடவில்லை.

எஸ்.பி.பி. பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை இங்கே தொடங்கவில்லை, தொடங்கினால் முடியாது. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

7 அக்டோபர் 2024

ஃபிளாக்கில் விவரத்துக்கு நமக்கு வேண்டிய தலைப்பை நாமே வைத்துக்கொள்ளலாம். தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே எழுதுவது முழுக்கத் தமிழில் இருக்கலாம். ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் என்ற இரண்டு கட்டத்துக்குள் வில்லுப்பாட்டு அடங்காது. நான் வைத்திருக்கும் தலைப்புகள்: ஊர், கோயில், கொடை நடந்த மாதம் வருடம், அண்ணாவி, குடம் அடித்தவர், உடுக்கை, பின்பாட்டு, பதிந்தவர், கேசட் யார் வீட்டிலிருந்து வந்தது. வருடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் "1985க்கும் 88க்கும் நடுவில், பெரியப்பா சொன்னது" என்று அப்படியே எழுதிவிடுவேன். யார் சொன்னது என்பதும் விவரம்தான்.

ஃபைலை வெட்டும்போது நிமிடக் கணக்கில் வெட்டாமல் பாட்டின் வரிசையிலேயே வெட்டுங்கள்: காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, கடைசியில் வாழி. தேடுகிறவருக்கு அதுதான் தெரிந்த வழி.

19 டிசம்பர் 2024

இரண்டு செய்தி. ஃபிளாக் இந்த மாதம் ஆர்எஃப்சி 9639 என்று முறைப்படி இணையத் தரமாகிவிட்டது. 2001-இலிருந்து எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருப்பதுதான், ஆனாலும் எழுதி வைத்த தரம் ஒன்று இருந்தால் எழுபது வருடம் கழித்தும் ஒருவர் அதைப் படித்து ஃபைலைத் திறக்கும் மென்பொருளை எழுதிவிட முடியும். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடுத்தது, இரண்டு கருவிகளில் ஃபைல்களை ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க்திங் மென்பொருளின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுத்திவிட்டார்கள். சிங்க்திங்-ஃபோர்க் என்று வேறொருவர் தொடரும் வடிவம் இருக்கிறது, அதற்கு மாறிக்கொள்ளுங்கள். நான் வீட்டுப் பழைய லேப்டாப்பில் நேவிட்ரோம் என்ற பாட்டு சர்வரைப் போட்டு, நெல்லையில் தம்பி வீட்டுக் கணினியோடு சிங்க்திங் வழியாகச் சேர்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய வடிவங்களை வைத்திருக்கும் வசதியை இயக்கி வையுங்கள், தனியாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்துச் செம்பூரில் அக்கா வீட்டு அலமாரியிலோ எங்கோ வைத்துவிடுங்கள்.

1 ஜனவரி 2025

புத்தாண்டு. 1964-இல் வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமை நேற்றோடு முடிந்தது. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம்.

உடனே 1964 படப் பாட்டையெல்லாம் எடுத்துப் போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை, ஆக்கியவர் ஆயுளுக்குப் பின் 60 வருடம். கண்ணதாசன் 1981-இல் காலமானார், அவர் வரிகள் 2041 முடியும்வரை. எம்.எஸ். விஸ்வநாதன் 2015-இல் காலமானார், அவர் மெட்டுகள் 2075 வரை. தியாகராஜர் கீர்த்தனையை யாராவது பாடி 1964-க்குள் வெளியான இசைத்தட்டு என்றால் இரண்டு பக்கமும் சிக்கல் இல்லை. சொந்தமாகக் கேட்பதற்குப் பிரதி எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஊருக்குக் கொடுப்பது வேறு.

கலைஞருக்குக் காசு போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. விற்பனைக்கு இருக்கும் பாட்டை வாங்கிக் கேளுங்கள். நான் பகிர்வதெல்லாம் விற்பனைக்கு எங்கும் இல்லாதது.

22 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கேசட்டில் பாடிய அண்ணாவியின் குடும்பத்தைத் தேடிப் போனேன்.

பாட்டு நம்முடைய கேசட்டில் இருக்கிறது என்பதால் அது நம்முடையதாகிவிடாது. பாடிய கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் உரிமை உண்டு, சட்டத்தில் அதற்கு 50 வருடம். சட்டத்தின் நுணுக்கம் எப்படிப் போனாலும், வீட்டில் கேட்காமல் வெளியே கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அண்ணாவி காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகன் டிரைவர் வேலை பார்க்கிறார். வாசலில் நின்றபடியே முத்துப்பட்டன் கதையைப் போனில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது பாபநாசம் பக்கத்துக் கொடை. அப்பாவுக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அதனாலதான் மாமா நிறையப் பாடுறாங்க" என்றார். நான் பெட்டியில் பார்த்து எழுதி வைத்திருந்த ஊர் வேறு. கேசட் உறை மாறிப்போயிருக்கிறது. அந்தக் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வரும் இடத்தில் எதிர்க்குரலில் பாடுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவே இல்லை. அவர் பெயரையும் சொன்னார், உடுக்கை அடித்தவர் பெயரையும் சொன்னார். அத்தனையும் ஃபைலில் ஏறிவிட்டது.

அவர்களிடம் ஒரு கேசட்கூட இல்லை. பாடியவர் வீட்டில் பாட்டு இல்லை, அதை நினைத்துப் பாருங்கள். இரவல் போனது திரும்பவில்லையாம். ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், ஆனால் யூட்யூபில் போட்டு யாரும் காசு பார்க்கக் கூடாது என்றார். அவர் சொன்னபடியேதான்.

23 ஜனவரி 2025

"யூட்யூபில் போட்டால்தானே நாலு பேருக்குத் தெரியும், பூட்டி வைத்தால் அழிந்துபோகும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பூட்டி வைக்கவில்லை. கேட்ட அத்தனை பேருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், விவரத்தோடு, முழுக் கதையாக. அங்கே போட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: யாராவது இரைச்சல் நீக்கி, ஒரு நிமிடத் துண்டாக வெட்டி, அண்ணாவி பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் சேனல் பெயரைப் பொறித்துவிடுவார்கள். மெமரி கார்டு காலத்தில் நடந்தது அதுதான். பரவலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். குடும்பம் மனம் மாறினால் போடுவேன், அதுவரை இல்லை.

9 மார்ச் 2025

கேட்டவர்களுக்காக: பெட்டியில் இருந்ததில் பூஞ்சை பிடித்த சிலதைத் தவிர மற்றவை முடிந்தன. தாராவி, கோலிவாடா, செம்பூர் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் கொண்டு வந்தால் ஏற்றிக் கொடுக்கிறேன். நெல்லைக்காரர்கள் தம்பியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இசக்கியம்மன் கதையில் இரண்டாம் கேசட்டின் பி பக்கம் எங்களிடம் இல்லை. யாரோ அதன்மேல் கிரிக்கெட் வர்ணனை பதிந்திருக்கிறார்கள். எண்பதுகளின் பாதியில் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக் கொடைகளில் பதிந்தது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும், அது உடையாமல் இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள், அப்புறம் யாரும் அதன்மேல் பதிய முடியாது. கூரியர் செலவு நான் தருகிறேன், மாற்றி முடித்துக் கேசட்டையும் திருப்பி அனுப்புகிறேன்.